உறைந்த பாலும் உடைந்த மங்கும்

வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மரத்துப் பாலை, அதாவது ரப்பர் பாலைப் பற்றியவைதான் அதிகம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு அதில் வியப்பில்லை. எங்கள் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. லயமும் இல்லை, புகைக்கூண்டும் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்து ரப்பர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 27 ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். அதற்கு முன்னால், அம்மாவோடு விடியற்காலையில் போய் மரத்துப் பால் வடியும் மங்கு துடைத்துக் கொடுத்த சிறுமி. வேதியியலை நான் முதலில் படித்தது புத்தகத்தில் இல்லை, அந்த மங்கில்தான். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்: அம்மா, ரப்பர் பாலில் அமிலம் ஊற்றினால் உறைகிறது. இது பௌதிக மாற்றமா, இரசாயன மாற்றமா? டியூஷனில், "திரும்பப் பாலாக்க முடியாது, அதனால் இரசாயன மாற்றம்" என்று சொன்னார்கள். என் தாத்தா தோட்டத்தில் இருந்தவர். "பாலில் இருந்ததும் ரப்பர், கட்டியில் இருப்பதும் ரப்பர், இதில் என்ன மாறியது?" என்று கேட்கிறார். யார் சொல்வது சரி?

தாத்தாவின் கேள்வியைப் பிடித்துக்கொள், கண்ணு. வேதியியலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

"திரும்ப வராது, அதனால் இரசாயன மாற்றம்" என்ற அளவுகோலை நம்பாதே. பால் வெட்டும்போது அம்மாவின் கை தவறி ஒரு பீங்கான் மங்கு கல்லில் விழுந்து சுக்கலானது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மங்கு திரும்ப வரவே இல்லை. ஆனால் ஒவ்வொரு சில்லும் அதே பீங்கான்தான். புதிதாக ஒரு பொருளும் உண்டாகவில்லை. அது பௌதிக மாற்றம். இனி இதற்கு எதிர்ப்பக்கம் பார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மயில்துத்தம் இருக்கும், நீல நிறப் படிகம். சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி வெள்ளைத் தூளாகும். ஆறிய பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு. சட்டென்று நீலம் திரும்பும், குழாயும் சுடும். அது இரசாயன மாற்றம், ஆனாலும் திரும்ப வந்துவிட்டது. ஆகவே திரும்புகிறதா என்பது கேள்வி இல்லை. புதுப் பொருள் பிறந்ததா என்பதுதான் கேள்வி.

இப்போது வாளிக்குள் போவோம். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் அதில் கரைந்து கிடப்பதில்லை, மிகச் சிறிய துளிகளாக மிதக்கிறது. பெரும்பாலான துளிகள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. ஒவ்வொரு துளிக்கும் புரதத்தால் ஆன ஒரு மெல்லிய தோல் உண்டு. அந்தத் தோலின்மேல் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. எல்லாத் துளிக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது.

அமிலம் ஊற்றும்போது நேர் மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் அயனிகள் வருகின்றன. அவை தோலின் எதிர் மின்னூட்டத்தைச் சமன் செய்கின்றன. தள்ளும் விசை போய்விடுகிறது. துளிகள் மோதுகின்றன, தோல் கிழிகிறது, உள்ளிருந்த நீளமான ரப்பர் சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்குகின்றன. கூந்தல் சிக்கு விழுந்த மாதிரி. அதுதான் தொட்டியில் தூக்கும்போது வெள்ளையாக நடுங்கிக்கொண்டு வருமே, அந்தக் கட்டி.

ஆக, ரப்பர் மூலக்கூறு மாறவில்லை. இந்த இடத்தில் தாத்தா சொல்வது சரி. ஆனால் தோலில் உள்ள புரதத்தோடு ஹைட்ரஜன் அயனி போய்ச் சேர்ந்ததே, அது இரசாயன வினை. ஒரே வாளியில் இரண்டும் நடக்கின்றன. "இது பௌதிகமா, இரசாயனமா" என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பல டியூஷன் குறிப்புகளில் இந்த ஒரு வரி விடுபட்டுப் போகிறது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. எஸ்.பி.எம். தேர்வில் பால் உறைவதை விளக்கச் சொன்னால் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதே. மின்னூட்டம், ஹைட்ரஜன் அயனி, சமனாதல், மோதல், தோல் கிழிதல், சங்கிலி சிக்குதல் என்று படிப்படியாக எழுது.

நாங்கள் ஆலையில் ஊற்றியது ஃபார்மிக் அமிலம். உன் பாடநூலில் மெத்தனோயிக் அமிலம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். லத்தீனில் எறும்புக்குப் பெயர் ஃபார்மிகா. 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தார். ரம்புத்தான் மரத்தில் ஏறும்போது முசுறு எறும்பு பீய்ச்சுமே, தோல் சுரீரென்று எரியுமே, அதுவும் இதே அமிலம்தான்.

இன்று இரவு உன் அம்மா தயிருக்கு உறை ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார். மாட்டுப் பாலிலும் கேசின் என்ற புரதம் எதிர் மின்னூட்டத்தோடு மிதக்கிறது. நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. பி.எச். அளவு ஏறக்குறைய 6.7-இலிருந்து 4.6-ஐ நோக்கி இறங்கும்போது கேசின் ஒன்றுகூடிக் கெட்டியாகிறது. ஆனால் இங்கே சர்க்கரை உண்மையிலேயே வேறு பொருளாக, லாக்டிக் அமிலமாக மாறிவிட்டது. புளிப்பு அதற்குச் சாட்சி.

முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி, வயது 71: தங்கச்சி, நான் 34 வருசம் பால் வெட்டினேன். மங்கில் ரெண்டு சொட்டு அமோனியா விடச் சொல்வார்கள். கண் எரிந்து தண்ணீர் கொட்டும். அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்று. ஸ்டோரில் நம் பாலில் ஒரு மிதவையை விட்டுப் பார்த்து நம்பர் எழுதுவார்கள். மழை பெய்த மறுநாள் வாளி நிறைய பால் இருந்தாலும் நம்பர் குறைந்துவிடும். நம்மை ஏமாற்றினார்களா?

அக்கா, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இதே கேள்வியை என் அம்மாவும் கேட்டிருக்கிறார். அப்போது பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் அமோனியா. அமிலம் ஊற்றாவிட்டாலும் பால் தானாக உறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மங்கில் விட்டுவந்த பால் மறுநாள் கட்டிப்பாலாகக் கிடக்குமே. காற்றிலும் மங்கிலும் உள்ள நுண்ணுயிர்கள் பாலில் பெருகி அமிலம் உண்டாக்குகின்றன. அந்த அமிலமே பாலை உறைய வைக்கிறது. அமோனியா அமிலத்துக்கு நேர் எதிர், ஒரு காரம். வருகிற அமிலத்தை வரவர அது சமன் செய்துவிடும். தோலின் எதிர் மின்னூட்டம் குலையாது. அதனால் பால் ஸ்டோர் வந்து சேரும் வரை திரவமாகவே இருக்கும். கையுறை செய்யும் ஆலைகளுக்குப் போகும் செறிவூட்டிய பாலில் 60 விழுக்காடு ரப்பர் இருக்கும். அது பல மாதம் கெடாமல் இருக்க 0.7 விழுக்காடு அளவுக்கு அமோனியா சேர்ப்பார்கள்.

கண் எரிந்ததற்கும் காரணம் உண்டு. அமோனியா தண்ணீரைக் கண்டால் விடாது, அவ்வளவு எளிதாகக் கரையும். நம் கண்ணிலும் மூக்கிலும் எப்போதும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தில் போய்க் கரைந்து அங்கேயே காரமாகிவிடுகிறது. கண்ணீர் அதைக் கழுவத்தான் வருகிறது. உங்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கொடுத்திருக்க வேண்டும், விளக்கமும் சொல்லியிருக்க வேண்டும். நான் அமோனியா புட்டி திறக்கக் கற்றுக்கொண்ட முதல் நாளே எனக்கு இரண்டும் கிடைத்தன. மரத்தடியில் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது சரியில்லை.

அடுத்தது மிதவை. அதற்கு மெட்ரோலாக் என்று பெயர். ரப்பர் தண்ணீரை விட இலேசானது. ஒரு கனசென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம் இருந்தால், அதே அளவு ரப்பர் ஏறக்குறைய 0.92 கிராம்தான். அதனால் பாலில் ரப்பர் கூடினால் பால் இலேசாகும், மிதவை ஆழமாக இறங்கும். தண்ணீர் கூடினால் பால் கனமாகும், மிதவை மேலே நிற்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான், பாலில் ரப்பர் எத்தனை விழுக்காடு என்ற நம்பராகப் படித்தார்கள்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நல்ல வெயில் நாளில் நீங்கள் 20 கிலோ பால் கொண்டுவந்தீர்கள், நம்பர் 35 என்று வைத்துக்கொள்வோம். அதில் 7 கிலோ ரப்பர். அதே பாலில் 5 கிலோ மழைத் தண்ணீர் விழுந்துவிட்டது. இப்போது தராசில் 25 கிலோ. ரப்பர் அதே 7 கிலோதான். 7-ஐ 25-ஆல் வகுத்தால் 28 விழுக்காடு. நம்பர் 35-இலிருந்து 28-க்கு இறங்கிவிட்டது, ஆனால் உங்கள் ரப்பரில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. 25-ஐ 28 விழுக்காட்டால் பெருக்கினால் மறுபடியும் 7. ஆக, நம்பர் குறைந்தது ஏமாற்று ஆகாது. ரப்பரும் தண்ணீரும் ஒரு கலவை, சேர்மம் இல்லை. கலவையில் அளவு எப்படி வேண்டுமானாலும் மாறலாம், உள்ளிருக்கும் பொருள் மாறாது.

ஆனால் உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். மிதவையைச் சரியாகப் படிக்க நுரையை வழித்தெடுக்க வேண்டும், பாலை நன்றாகக் கலக்கியிருக்க வேண்டும், அதைச் சாய்த்துப் பார்க்காமல் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அவசரத்தில் இதெல்லாம் நடந்ததா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க வழி இருந்தது. 10 கிராம் பாலை எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லியதாக உருட்டி, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை பார்ப்பது. நான் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கச் செய்தது அதைத்தான். காய்ந்த துண்டு 3.3 கிராம் இருந்தால் 33. அந்தத் துண்டைப் பால் வெட்டியவர் கையிலேயே கொடுத்துக் காட்டியிருக்கலாம். ஆலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் அது தோன்றாமல் போனதற்கு இன்று வருந்துகிறேன்.

இல்லத்தரசி, சுங்கை சிப்புட்: சாமி மேடையில் டப்பாவில் வைத்த சூடம் பாதியாகக் குறைந்துவிட்டது. யாரும் எடுக்கவில்லை. எங்கே போனது?

காற்றில் போனது. சூடம் உருகாமலேயே திடத்திலிருந்து நேராக ஆவியாகும். இதைப் பதங்கமாதல் என்பார்கள். டப்பாவின் மூடியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், சின்னச் சின்னப் படிகங்கள் ஒட்டியிருக்கும். போன சூடத்தில் ஒரு பகுதி அங்கே திரும்பத் திடமாகியிருக்கிறது, அதே பொருள், அதே வாசம். அலமாரியில் போடும் பாச்சை உருண்டை தேய்வதும் இப்படித்தான். ஆனால் தீபாராதனையில் எரியும் சூடம் வேறு கதை. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவும் நீராவியுமாகிவிடுகிறது, மூடியில் தேடினாலும் கிடைக்காது. இறுக்கமான மூடியுள்ள புட்டியில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் சூடம் நஞ்சு.

தாமான் வீட்டிலிருந்து ஒரு தாய்: தீபாவளிக்குக் கழிவறையைத் தேய்த்தபோது கறை போகவில்லை என்று வெளுப்பான் திரவத்தையும் கழிவறை அமிலத்தையும் ஒன்றாக ஊற்றினேன். குப்பென்று ஒரு நெடி. இரண்டு நாள் இருமல். இரண்டுமே சுத்தம் செய்வதுதானே, ஒன்றாக ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகாதா?

அம்மா, இனி ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள். இதைப் படிக்கும் எல்லோரும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள்.

வெளுப்பானில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கறை நீக்கும் கழிவறைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மஞ்சள் கலந்த பச்சை நிறம், காற்றை விடக் கனம், அதனால் சின்னக் கழிவறையில் தரையோடு தேங்கி நிற்கும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்கள்மீது திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். அது நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அங்கே அமிலமாகிறது. வினிகர் சேர்த்தாலும் இதே ஆபத்து உண்டு. அமோனியாவோடு வெளுப்பானைச் சேர்த்தால் குளோரமின் என்ற வேறு நச்சு வாயு வரும்.

உங்கள் கேள்வியின் பிற்பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு பொருள் இரசாயன முறையில் சேர்ந்தால் அவற்றின் குணங்கள் கூட்டிக்கொண்டு போகாது. பழைய குணம் மறைந்து புதிய குணம் வரும். சமையல் உப்பைப் பாருங்கள். சோடியம் தண்ணீரில் பட்டாலே தீப்பிடிக்கும் உலோகம். குளோரின் ஆளைக் கொல்லும் வாயு. இரண்டும் சேர்ந்ததுதான் நாம் ரசத்தில் போடும் உப்பு. ஆபத்தான இரண்டு சேர்ந்து சோற்றுக்கு ஆகிறது என்றால், பயனுள்ள இரண்டு சேர்ந்து நஞ்சாவதும் நடக்கும்.

மறுபடி எப்போதாவது தவறிக் கலந்துவிட்டால் நின்று கழுவப் பார்க்காதீர்கள். உடனே வெளியே வாருங்கள், பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், கதவு சன்னலைத் திறந்துவிட்டு நல்ல காற்றில் நில்லுங்கள். மூச்சு வாங்கினால் 999-ஐ அழையுங்கள். இருமல் இன்னும் இருந்தால் கிளினிக்கில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

டவுனில் மீ கோரிங் ஒட்டுக்கடை வைத்திருப்பவர்: அக்கா, மாலையில் கூட்டம் அதிகமானால் கேஸ் தோம்பு வெளியே வியர்க்கிறது. தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் எப்படிக் குளிரும்? ஓட்டையா?

ஓட்டை இல்லை தம்பி. தோம்புக்குள் இருப்பது வாயு இல்லை, பெரும்பகுதி திரவம். புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டையும் அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் மைனஸ் 0.5 பாகையில். உள்ளே அழுத்தம் இருப்பதால் அடங்கி இருக்கின்றன. நீங்கள் குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து உள்ளே திரவம் கொதிக்கத் தொடங்குகிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். அடுப்பு நெருப்பு உள்ளே போவதில்லை. ஆகவே தன்னிடம் உள்ள வெப்பத்தையும் தோம்பின் இரும்பில் உள்ள வெப்பத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பு குளிர்ந்ததும் நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் நீர்த்துளியாகப் படிகிறது. ஐஸ் கச்சாங் கிண்ணத்தின் வெளியே படிகிற அதே ஈரம். வியர்வை எந்த உயரம்வரை நிற்கிறதோ ஏறக்குறைய அதுவரை திரவம் இருக்கிறது என்று பொருள்.

பெரிய தீயில் இரண்டு அடுப்பு எரிந்தால் குளிர்ச்சி கூடிக் கேஸ் வரத்து மந்தமாகும். அப்போது சிலர் சுடுதண்ணீர் ஊற்றுவதையும், தோம்பைப் படுக்க வைத்து உருட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டாம். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதை நினைத்துப் பாருங்கள். கேஸ் மிச்சம் எவ்வளவு என்று தெரிய எடை போடுவதே நேர்வழி. வெறும் தோம்பின் எடை அதன்மேல் பொறித்திருக்கும். பல வீட்டுத் தோம்புகளில் நிரப்பும் கேஸ் 14 கிலோ. கேஸுக்கென்று தனியாக அந்த வாசம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். அந்த நெடி வந்தால் கீழே குனிந்து தேட வேண்டும், இந்த வாயு காற்றை விடக் கனமானது.

கேமரன் மலையில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர்: ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் எண்ணெய் இங்கே கலங்கிப்போய் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கலப்படமா? பருப்பும் வேக மாட்டேன் என்கிறது.

கலப்படம் இல்லை. செம்பனை எண்ணெயில் சீக்கிரம் உறையும் கொழுப்பும் மெதுவாக உறையும் கொழுப்பும் கலந்திருக்கின்றன. மலைக்குளிரில் முதல் வகை படிகமாகிறது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி வையுங்கள், தெளிந்துவிடும். ஆலையிலும் வேண்டுமென்றே குளிரவைத்து இப்படித்தான் பிரிக்கிறார்கள், கெட்டியானது ஸ்டியரின், திரவம் ஓலீன். நம் வீட்டுப் புட்டியில் வருவது ஓலீன்.

பருப்பு வேகாததற்குக் காற்றுதான் காரணம். தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்ப்பள்ளி மாணவன், ஐந்தாம் ஆண்டு: பாட்டி, பழைய நாளிதழை எரித்தால் கொஞ்சம் சாம்பல்தான் மிச்சம். மீதித் தாள் அழிந்துவிட்டதா?

அழியவில்லை ராஜா. உன் கண்ணுக்குத் தெரியாமல் கிளம்பிப் போய்விட்டது. தாளில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் இருக்கின்றன. எரியும்போது கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிறது, ஹைட்ரஜன் நீராவியாகிறது. எரியாத தாதுப்பொருள்தான் சாம்பல். புகையையும் வாயுவையும் ஆவியையும் பிடித்து அடைத்து எடை போட்டால், அது தாளைவிட அதிகமாக இருக்கும். ஏன்? காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனும் அதில் சேர்ந்திருக்கிறது. 12 கிராம் கரி எரிந்தால் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாகிவிடும். கூட்டிப் பார், சரியாக வரும்.

பிரான்சு நாட்டில் லவாய்சியே என்று ஒருவர் இருந்தார். எதையும் மூடிய பாத்திரத்தில் வைத்து, நடப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது அவர் வழக்கம். எடை மாறவில்லை. 1789-இல் அதைத் தம் நூலில் எழுதினார். நான் ஆலையில் தராசைத் துடைக்கும்போதெல்லாம் அவரை நினைப்பேன்.

அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது ஒன்று செய்து பார். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரில், சோப்பு இல்லாத மிக மெல்லிய வகையைக் கொஞ்சம் எடுத்து நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் எடை பார். பிறகு பெரியவர்கள் அதை ஒரு தட்டின்மேல் பிடித்துக் கொளுத்தட்டும், தீப்பொறியாக ஓடும். ஆறியதும் சிந்தியதைச் சேர்த்து எடை பார். கூடியிருக்கும். தாள் எரிந்தால் வாயு பறந்துவிடுகிறது, இரும்பு எரிந்தால் ஆக்சிஜன் அதனோடேயே தங்கிவிடுகிறது. எத்தனை கிராம் கூடியது என்று எனக்கு எழுது.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்: பழைய டயர்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கின்றன, மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது. ஒட்டுப்பாலை உருக்கலாம், டயரை ஏன் உருக்கி மறுபடி ரப்பர் ஆக்க முடியவில்லை?

அண்ணே, முதலில் அந்த டயர்களைக் கூரைக்கு அடியில் எடுத்து வையுங்கள்.

ஒட்டுப்பாலில் ரப்பர் சங்கிலிகள் சிக்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். சூடு பட்டால் வழுக்கி நகரும், அதனால் இளகும். டயரில் அப்படி இல்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், கந்தகம் சேர்த்த ரப்பரைச் சூடாக்கினால் அது வெயிலில் பிசுபிசுக்காமலும் குளிரில் விறைக்காமலும் இருப்பதைக் கண்டார். 1844-இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. இரசாயனப் பிணைப்பு. சூடாக்கினால் சங்கிலிகள் நகர வழியில்லை. தொடர்ந்து சூடாக்கினால் இளகுவதற்கு முன்னால் கருகிவிடும். ஐந்தாம் படிவ மாணவி இதையும் படிக்கட்டும். பால் உறைந்தபோது ரப்பர் மாறவில்லை, டயரானபோது மாறிவிட்டது.

ரப்பர் மூலக்கூறில் ஐந்து கரிக்கு எட்டு ஹைட்ரஜன் என்று 1826-இல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. அவருக்கும் முன்னால், 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைக்கொண்டு பென்சில் எழுத்தை அழிக்கலாம் என்று எழுதிவைத்தார். தேய்த்து அழிப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நிலைத்தது. நம்மிடம் 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து பக்கம்தான், பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், டயர் ஓடும்போது சூடாவது உராய்வால் மட்டும்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. ரப்பர் நசுங்கி விரியும்போது உள்ளேயும் வெப்பம் உண்டாகிறது. ஒரு அகலமான ரப்பர் வளையத்தை எடுத்துச் சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேல் உதட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, சட்டென்று தளரவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள். குளிரும்.